காய்கறி கவசமல்ல, பராமரிப்பு

"காய்கறி நிறையச் சாப்பிட்டால் புற்றுநோய் அண்டாது" என்பார் சிலர். "எல்லாம் தலையெழுத்து, சாப்பாட்டில் என்ன இருக்கிறது?" என்பார் வேறு சிலர். இரண்டுமே சரியல்ல என்பது என் கருத்து.

ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்பு விபத்துக்கான வாய்ப்பைக் குறைக்கும். விபத்தே நடக்காது என்று எந்த இஞ்சினீயரும் எழுதிக் கொடுக்கமாட்டார். அதற்காகப் பராமரிப்பை யாரும் கைவிடுவதில்லை. காய்கறியும் அப்படித்தான்.

ஐரோப்பாவில் 10 நாடுகளில் சுமார் 5 லட்சம் பேரின் உணவுப் பழக்கத்தை 1990களிலிருந்து கவனித்து வந்தார்கள். 2010இல் வெளியான முடிவின்படி, காய்கறி, பழம் அதிகம் உண்பவர்களுக்குப் புற்றுநோய் வாய்ப்பு சற்றே குறைவு. பெருங்குடல் விஷயத்தில் நார்ச்சத்தின் பயன் இன்னும் தெளிவானது. நார்ச்சத்து கழிவைத் தேங்கவிடாமல் நகர்த்துகிறது. குடலில் வாழும் நுண்ணுயிர்கள் அதைப் புளிக்கவைத்து, குடல் சுவருக்கு நன்மை தரும் அமிலத்தை உண்டாக்குகின்றன.

சத்தை மாத்திரையாக விழுங்கினால் போதாதா? பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்களுக்கு, காரட்டில் உள்ள பீட்டா கரோட்டினை மாத்திரையாகக் கொடுத்துப் பார்த்தார்கள். அவர்களிடையே நுரையீரல் புற்றுநோய் கூடியது என்று 1994இல் தெரியவந்தது. ஆகவே காரட்டைக் காரட்டாகவே சாப்பிடுவோம்.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். வாயில் குட்காவை அடக்கிக்கொண்டு தட்டில் கீரை வைத்துப் பயனில்லை. புகையிலையை விடுவதற்கு ஈடான காய்கறி எதுவும் கிடையாது. அதேபோல், கட்டியோ, ஆறாத வாய்ப்புண்ணோ, மலத்தில் ரத்தமோ தெரிந்தபின் கீரைச்சாறு குடித்துக் காலம் கடத்துவது உயிரோடு விளையாடுவது. முதலில் டாக்டர்.

தினம் குறைந்தது 400 கிராம் காய்கறியும் பழமும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உருளைக்கிழங்கு இந்தக் கணக்கில் சேராது! நம் வீடுகளில் நடப்பது என்ன? சாம்பாரில் இரண்டு முருங்கைத் துண்டு, தொட்டுக்கொள்ள உருளை வறுவல். கூட்டும் கீரை மசியலும் விருந்தாளி வந்தால்தான். ஊர்க் கீரை கிடைக்கவில்லை என்று சொல்வது சாக்கு. குளிர்காலம் வந்தால் வடக்கே பாலக்கும் மேத்தியும் முள்ளங்கியும் சந்தையில் குவிந்து கிடக்கின்றன. பாலக்கில் மசியல் செய்தால் யார் வேண்டாமென்பார்கள்?

சங்க நிர்வாகிகளுக்கும் ஒரு விண்ணப்பம். அடுத்த பொங்கல் விழாப் பந்தியில் ஒரு இனிப்பைக் குறைத்து, ஒரு கீரையும் ஒரு பொரியலும் கூட்டுங்கள். குழந்தைகள் பார்த்துப் பழகட்டும்.