கிளாட்: சோதிக்கிறது புத்தியையா, இங்கிலீசையா?

மக்களே, நீட் பத்திப் பதிவு போடாத ஆளே நம்ம வட்டத்துல கிடையாது. ஆனா கிளாட் பத்தி யாரும் மூச்சு விடறதில்லை. காரணம் ரொம்ப சிம்பிள். நம்ம தெருப் பிள்ளைங்க அதை எழுதறதே இல்லை. டோல்கேட்ல பொறந்து வளர்ந்து, இப்போ பொட்டி தட்டிக்கிட்டிருக்கிற எனக்கு, எங்க ஏரியாவுல கிளாட் எழுதின ஒருத்தரைக்கூடத் தெரியாது. இந்த வருஷம்தான் எதிர் வீட்டுப் பொண்ணு, தமிழ் மீடியம், "அண்ணா, இதைக் கொஞ்சம் சொல்லிக் குடுங்க"ன்னு மாதிரி வினாத்தாளோட வந்தா. அந்தக் கடுப்புல எழுதறேன்.

தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. தேசிய சட்டப் பல்கலைக்கழகங்கள்ல அஞ்சு வருஷ சட்டப் படிப்புக்கான நுழைவுத் தேர்வு இது. 2008-ல ஆரம்பிச்சது. பெங்களூரு, ஹைதராபாத், நம்ம திருச்சி எல்லாத்துக்கும் இதுதான் வாசல். (அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்துக்குக் கீழ வர்ற கல்லூரிகளுக்கு பிளஸ் டூ மார்க் போதும். அது வேற கதை.) 2020-லேர்ந்து மனப்பாடக் கேள்விகளைத் தூக்கிட்டு, எல்லாத்தையும் பத்தி படிச்சுப் பதில் சொல்றதா மாத்திட்டாங்க. இப்போ 120 நிமிஷம், 120 கேள்வி, தப்புக்குக் கால் மார்க் போயிடும். பத்தி ஒவ்வொண்ணும் சுமார் 450 வார்த்தை. ஒரு பத்திக்கு ஆறு கேள்வின்னு வச்சா இருபது பத்தி. கணக்குப் பகுதி சின்னது, அதைக் கழிச்சாலும் எட்டாயிரம் வார்த்தை தாண்டுது.

பத்தி முறை வந்ததுல எனக்கு வருத்தமே இல்லை. நல்ல முறைதான். பத்தியில இருக்கிறதை மட்டும் வச்சுப் பதில் சொல்லு, உனக்கு வெளியில தெரிஞ்ச சமாச்சாரத்தை மூட்டை கட்டி வைங்கறது சாதாரண வித்தை இல்லை. ஆபீஸ்ல கஸ்டமர் கேட்டது ஒண்ணு, நம்மாளு புரிஞ்சுக்கிட்டது ஒண்ணுன்னு ராத்திரி ரெண்டு மணிக்கு உட்கார்ந்து கோடு திருத்தினவங்களுக்கு அதோட அருமை தெரியும்.

அந்தப் பொண்ணுக்காக நானே தமிழ்ல ஒண்ணு எழுதினேன். பாருங்க.

விதி: அபாயகரமான பொருளைக் கையாளும் ஆலையிலிருந்து அது கசிந்து தீங்கு நேர்ந்தால், "நான் கவனமாகத்தான் இருந்தேன்" என்று சொல்லி ஆலை தப்ப முடியாது. சம்பவம்: குழாய்களை மாதந்தோறும் தவறாமல் பரிசோதித்து வந்த ஆலையில் ஒரு நாள் வாயு கசிந்து, பக்கத்துத் தெருவினர் மயங்கி விழுந்தனர். ஆலை பொறுப்பா?

(அ) இல்லை, பரிசோதனை நடந்திருக்கிறது.
(ஆ) ஆம், ஆலை அஜாக்கிரதையாக இருந்திருக்கிறது.
(இ) ஆம், கவனமாக இருந்ததா என்ற கேள்விக்கே இடமில்லை.
(ஈ) இல்லை, மயக்கம் பெரிய தீங்கு அல்ல.

பொறி எங்க இருக்குன்னா 'ஆ'வுல. முடிவு சரி, காரணம் தப்பு. அஜாக்கிரதைன்னு பத்தியில எங்கயும் இல்லை. அரைகுறையாப் படிக்கிறவன் அங்க விழுவான். இவ அரை நிமிஷத்துல 'இ'ன்னா. இந்த விதி 1985 டிசம்பர்ல டெல்லி ஸ்ரீராம் ஆலையில நடந்த வாயுக் கசிவுக்கு அப்புறம், எம்.சி.மேத்தா வழக்குல உச்ச நீதிமன்றம் சொன்னது. அதெல்லாம் அவளுக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். ஆனா 2023 டிசம்பர் 26 ராத்திரி எண்ணூர் பெரியகுப்பத்துல அமோனியா கசிஞ்சு ஜனங்க குழந்தைகளைத் தூக்கிக்கிட்டு ஓடினது அவளுக்குத் தெரியும். அதைப் பசுமைத் தீர்ப்பாயம் தானாவே வழக்கா எடுத்துச்சு. உத்தரவு வர்றது எந்த மொழியிலன்னு நினைக்கறீங்க? இங்கிலீஷ்தான். ஓடினவங்க வீட்டுலேர்ந்து அதைப் படிச்சு வாதாட ஒருத்தர் வர வேணாமா?

இதே கேள்வியை இங்கிலீஷ்ல, 450 வார்த்தை பத்தியாக் குடுத்தா அவளுக்கு ஏழு நிமிஷம் ஆகுது. புத்தி அதேதான். மாறினது மொழி.

இப்போ என் முக்கியமான சண்டைக்கு வர்றேன். கிளாட்ல இங்கிலீஷ் பகுதி தனியா இருக்கு, 22லேர்ந்து 26 கேள்வி. சரி, இருக்கட்டும். மேல்படிப்பு இங்கிலீஷ்ல, உயர் நீதிமன்றம் இங்கிலீஷ்ல, ஒத்துக்கறேன். ஆனா மிச்ச நாலு பகுதி எதைச் சோதிக்குதாம்? சட்ட அறிவு, தர்க்கம், நாட்டு நடப்பு, கணக்குன்னு பேர் போட்டிருக்காங்க. பேர் நாலு, சோதனை ஒண்ணு. வேகமா இங்கிலீஷ் படிக்கிறியா? அஞ்சு பகுதிக்கும் அதே கேள்விதான்னா, எதுக்கய்யா அஞ்சு பேர்?

நீட்டைத் தமிழ்ல எழுதலாம். ஜே.இ.இ. மெயினை 2021-லேர்ந்து தமிழ்ல எழுதலாம். மனுஷனோட இதயம் எப்படி வேலை செய்யுதுன்னு தமிழ்ல கேட்கலாம், ஒப்பந்தம் செல்லுமான்னு கேட்கக் கூடாதா? நம்மூர் கீழமை நீதிமன்றங்கள்ல சாட்சியும் வாதமும் தமிழ்லதானே நடக்குது?

"மொழிபெயர்ப்பு சொதப்பும்"னு ஒரு வாதம் வரும். நியாயமான வாதம்தான். 2018 நீட் தமிழ் வினாத்தாள்ல 49 கேள்வியில தப்புன்னு, கேள்விக்கு 4 வீதம் 196 மார்க் குடுக்கச் சொல்லி மதுரைக் கிளை உத்தரவு போட்டுச்சு. உச்ச நீதிமன்றம் அதை ரத்து பண்ணிடுச்சு. பிள்ளைங்க நிலைமை அந்தரம். பத்திக் கேள்வியில இது இன்னும் மோசமாகும், ஏன்னா ஒரே ஒரு வார்த்தையிலதான் பொறியே இருக்கு. 'மட்டும்'ங்கறது விட்டுப்போனா கேள்வியே காலி. அதனாலதான் சொல்றேன், அகராதியை வச்சுக்கிட்டு மொழிபெயர்க்கிற ஆளு வேணாம். சட்டமும் தெரிஞ்சு தமிழும் தெரிஞ்ச வாத்தியார்களை உட்கார வச்சு, ரெண்டு மொழியிலயும் ஒண்ணாவே கேள்வி எழுதச் சொல்லுங்க. பக்கத்துல இங்கிலீஷ் மூலமும் இருக்கட்டும். தமிழ்நாட்டுல அப்படி ஆளுங்களுக்கா பஞ்சம்?

2023-ல டெல்லி உயர் நீதிமன்றத்துல இதுக்கு ஒரு பொதுநல வழக்கே நடந்துச்சு. 2024 தேர்வுக்கு முடியாது, நிறைய ஏற்பாடு வேணும்னு பல்கலைக்கழகக் கூட்டமைப்பு சொல்லிச்சு. சரி, ஏற்பாடு பண்ணுங்க. விண்ணப்பக் கட்டணம் மட்டும் 4000 ரூபாய் வாங்கத் தெரியுதுல்ல?

டிஸ்கி: "அப்போ இங்கிலீஷ் கத்துக்க வேண்டியதுதானே"ன்னு பின்னூட்டம் போட வர்ற அண்ணாச்சிங்க, மேல 22லேர்ந்து 26 கேள்வின்னு ஒரு இடம் வருது பாருங்க, அதை இன்னொரு தடவை படிச்சுட்டு வாங்க. பத்தியில இருக்கிறதை வச்சு மட்டும்தான் பதில் சொல்லணும் :-)