மணிக்கட்டு மரமரப்பை இதய மருத்துவரிடமும் சொல்லுங்கள்

இரவில் கை மரத்துப்போய் உறக்கம் கலைகிறது. உதறினால் சற்றுத் தணிகிறது. மணிக்கட்டின் குறுகிய பாதையில் நரம்பு நெரிபடுவதால் வரும் இக்குறையைக் 'கார்பல் டனல் சிண்ட்ரோம்' என்கிறோம். நீரிழிவு, தைராய்டு சுரப்புக் குறைவு, முடக்குவாதம், கருவுற்ற காலம், கைகளுக்கு ஓயாத வேலை ஆகியவை இதன் வழக்கமான காரணங்கள். பெரும்பாலோர் இதற்கு மேல் அஞ்ச வேண்டியதில்லை.

ஆயினும், முதியோர் சிலரிடம் இது அமிலாய்டோசிஸ் என்னும் நோயின் முதல் அறிகுறியாக இருக்கிறது. கல்லீரலில் உருவாகும் டிரான்ஸ்தைரெட்டின் என்ற புரதம் உருக்குலைந்து, நுண்ணிழைகளாக மணிக்கட்டுத் திசுக்களில் படிகிறது. இதயத் தசையிலும் படிந்து அதனை விறைப்பாக்குகிறது. கையில் குறை தோன்றிப் பல ஆண்டுகள் சென்ற பின்னரே மூச்சிரைப்பும் கால்வீக்கமும் வெளிப்படுவதால், இரண்டையும் எவரும் தொடர்புபடுத்துவதில்லை.

அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் கிளினிக் மருத்துவர்கள் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், மணிக்கட்டு அறுவை செய்துகொண்ட 98 பேரின் திசுக்கள் சோதிக்கப்பட்டன. அவர்கள் 50 வயதைத் தொட்ட ஆண்களும் 60 வயதைத் தொட்ட பெண்களும் ஆவர். 10 பேரிடம் அமிலாய்டு காணப்பட்டது; அவர்களுள் இருவருக்கு இதயமும் பாதிக்கப்பட்டிருந்தது.

எல்லோருக்கும் இச்சோதனை தேவை என்று நான் கூறவில்லை. வீண் அச்சமும் வீண் செலவும் நோயாளிக்குச் சுமையே. ஆனால், வயது முதிர்ந்தவருக்கு இரு கைகளிலும், வேறு தெளிவான காரணமின்றி இக்குறை இருக்குமானால், அறுவையின்போதே சிறிது திசுவை எடுத்துக் 'காங்கோ ரெட்' சாயச் சோதனைக்கு அனுப்புவதே முறை. அதற்கெனத் தனியாக ஓர் அறுவை தேவையில்லை. அமிலாய்டு இருப்பது உறுதியானால், எவ்வகைப் புரதம் என்பதையும் கண்டறிய வேண்டும். வகைக்கேற்ப மருத்துவம் மாறும். டஃபாமிடிஸ் போன்ற மருந்துகள் டிரான்ஸ்தைரெட்டின் வகை நோய் முற்றுவதைத் தாமதப்படுத்துகின்றன; முன்னரே படிந்ததை அவை கரைப்பதில்லை. ஆகவே, காலந்தாழ்த்தினால் இழப்பு நம்முடையதே.

மருத்துவர் கேட்கட்டும் என்று காத்திராதீர்கள். அறுவைக்கு முன், "இத்திசுவைச் சோதிக்க வேண்டுமா?" என்று நீங்களே கேளுங்கள். மூச்சிரைப்புக்காக வீட்டுப் பெரியவரை அழைத்து வரும்போது, என்றோ செய்த மணிக்கட்டு அறுவையையும் மறவாமல் இதய மருத்துவரிடம் கூறுங்கள். அற்பமெனத் தோன்றும் அச்செய்தி நோயை உரிய காலத்தில் கண்டறியத் துணைபுரியலாம்.