ஒரே வேளையில் மூன்று தேர்தல்

தேர்தல் வந்தால் முதலில் மூடப்படுவது பள்ளிக்கூடம். முதலில் அழைக்கப்படுபவர் உபாத்தியாயர். பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு, இரவெல்லாம் வோட்டு யந்திரத்துக்குக் காவல் இருந்த அநுபவம் நமக்கும் உண்டு. ஆகையால், பார்லிமெண்டு, சட்டசபை, பஞ்சாயத்து எல்லாவற்றுக்கும் ஒரே சமயத்தில் தேர்தலை முடித்துவிடலாம் என்ற யோசனையைக் கேட்டபோது நம் மனம் குளிர்ந்தது என்பதை ஒளிப்பானேன்?

யோசனை புதியதன்று. 1951-52இல் நடந்த முதற் பொதுத் தேர்தலிலிருந்து 1967 வரையில் பார்லிமெண்டுக்கும் சட்டசபைகளுக்கும் பெரும்பாலும் சேர்ந்தே தேர்தல் நடந்தது. பிறகு யாரும் சட்டம் போட்டுப் பிரிக்கவில்லை. மந்திரிசபைகள் கவிழ்ந்தன, சில சட்டசபைகள் ஆயுள் முடியுமுன்பே கலைந்தன, 1970இல் லோக்சபையும் அவ்வாறே கலைக்கப்பட்டது.

ராம்நாத் கோவிந்த் தலைமையில் அமைந்த குழு 2024 மார்ச்சில் சமர்ப்பித்த அறிக்கை 18,626 பக்கம். (அதை முழுதும் படித்து முடித்தவருக்கு ஒரு வாரம் லீவு தரலாம்.) முதலில் பார்லிமெண்டும் சட்டசபைகளும், அப்புறம் நூறு நாளைக்குள் உள்ளாட்சி மன்றங்கள் என்பது அதன் சிபார்சு. அவ்வருஷம் டிஸம்பரில் வந்த மசோதாவில் ஒரு விதி இருக்கிறது: நடுவில் ஒரு சபை கலைந்தால், புதிதாக வரும் சபைக்கு எஞ்சிய காலந்தான் ஆயுள். மூன்று வருஷத்தில் கலைந்தால், அடுத்ததற்கு இரண்டே வருஷம். பிறகு மறுபடியும் பெஞ்சுகளை நகர்த்த வேண்டியதுதான்! இதில் மிச்சமாவது எவ்வளவு என்று நேயர்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

நம் கவலையெல்லாம் மூன்றாவது தேர்தலைப் பற்றியது. தமிழ்நாட்டில் உள்ளாட்சி மன்றங்களின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. கிராமங்களுக்கு 2019 டிஸம்பரில் தேர்தல் நடந்தது, அதுவும் 27 ஜில்லாக்களில் மாத்திரம். மற்ற ஒன்பது ஜில்லாக்களுக்கு 2021 அக்டோபரில். நகரங்களுக்கோ 2022 பிப்ரவரியில்! காலம் முடியுமுன் தேர்தலை நடத்தவேண்டும் என்று அரசியல் சட்டம் 1993 முதலே சொல்லிக்கொண்டிருக்கிறது. ஆயினும் ஐந்து வருஷத்துக்கு மேல் நகரசபைகளில் தனி அதிகாரிகளே ஆண்டார்கள். தெருக் குழாயில் தண்ணீர் வராவிட்டால், நாம் வோட்டுப் போட்ட ஒருவருடைய வீட்டு வாசலில் போய் நிற்க வழியில்லை.

நூறு நாள் கெடுவை மெய்யாகவே காப்பார்களானால், அதற்காகவே இந்த யோசனையைப் பாதி வரவேற்கலாம். ஆனால் டில்லியில் யார் ஆள்வது என்ற ஆரவாரம் அடங்குமுன், நம் தெருச் சாக்கடையைப் பற்றிப் பேச வருபவர் குரல் யார் காதில் விழும்? ஊர்த் தேர்தலைத் தனியாக, குறித்த மாதத்தில் நடத்தட்டும். அதற்காக இன்னொரு இரவு கண்விழிக்க நாம் சித்தமாகவே இருக்கிறோம்.