ஏற்காட்டுப் பனியில் எரிஞ்ச கன்னம்!

"மலைல ஏதுடி வெயில்? சன்ஸ்க்ரீன் எதுக்கு?" - ஏற்காட்டுக்குக் கிளம்பும்போது என் ரூம்மேட் அடிச்ச டயலாக். 20 கொண்டை ஊசி வளைவு ஏறி, ஏரியில் போட்டிங், பகோடா பாயின்ட்டில் போட்டோ. சாயங்காலம் பார்த்தா, கன்னம் ரெண்டும் மிளகாய்ப்பழம்!

வில்லன், தினமும் ராத்திரி அவ தடவின ட்ரெட்டினாயின் க்ரீம். வைட்டமின் ஏ குடும்பத்துச் சரக்கு. அமெரிக்காவில் 1971-லேயே முகப்பருவுக்கு அனுமதி வாங்கின நல்ல மருந்துதான். பழைய செல்லை உதிர்த்து, அடைப்பை நீக்கும். ஆனா, தோல் வெயில் தாங்காது. உயரம் கூடக் கூட புற ஊதாக் கதிரும் கூடும். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். மேகமும் அதை முழுசாத் தடுக்காது.

பெரிய ஷாக் இனிமேதான். அவளுக்குப் பருவே இல்லை. 'கலராகலாம்'னு யாரோ சொல்ல, சீட்டில்லாம வாங்கியிருக்கா. டியூபைத் திருப்பினா, கூடவே ஹைட்ரோகுயினோன், ஸ்டீராய்டு! 14 வகை ஸ்டீராய்டு க்ரீம்களை டாக்டர் சீட்டில்லாம விற்கக்கூடாதுன்னு 2018-லேயே மத்திய அரசு சொல்லியாச்சு.

இப்போ ஸ்கின் டாக்டர்கிட்ட போயிட்டிருக்கா. அவ கலர் எப்பவுமே அழகுதான். அதை ஒருநாள்கூட அவகிட்ட சொல்லாத எங்க மேலயும் தப்பு இருக்குங்க!