கதவு மூடும் ஓசையை வைத்துக் காரை எடைபோடுவோருக்கு

நெடுஞ்சாலையில் நொறுங்கிய கார் ஒன்றின் படம் வெளியானால் போதும். இறந்தவர் எத்தனை பேர் என்று கேட்பதற்கு முன்பே எந்த நிறுவனத்தின் கார் என்று கேட்கிறோம். மாருதி என்றால் 'தகர டப்பா'. டாட்டா என்றால் 'இரும்பு'. ஜெர்மன் கார் என்றால் 'ஓட்டியவன் தவறு'. விசாரணை தொடங்குமுன் தீர்ப்பு எழுதி முடிக்கப்படுகிறது. கார் ஆர்வலர்கள் இதை அறிவு என்கிறார்கள். எனக்கு இது சாதிப்பற்றின் இன்னொரு வடிவமாகவே தெரிகிறது.

இவர்களுடைய ஆய்வுக் கருவிகள் இரண்டு. ஒன்று, கதவை மூடும்போது எழும் ஓசை. மற்றொன்று, பானெட்டை அழுத்திப் பார்க்கும் கட்டைவிரல். கதவின் ஓசையை ரப்பர் பட்டைகளும் பூட்டின் அமைப்புமே பெரும்பாலும் முடிவு செய்கின்றன. வெளித்தகடு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான போர்வை மட்டுமே. உயிரைக் காப்பது அதன் உள்ளே பயணிகளைச் சூழ்ந்திருக்கும் உறுதியான எஃகுக் கூடும், மோதலின் விசையை வாங்கி நசுங்குவதற்கென்றே வடிவமைக்கப்பட்ட முன்பகுதியும், சீட் பெல்ட்டும், ஏர்பேக்கும். பானெட் ஓரளவு வளைந்து கொடுப்பதும் குறையன்று. சாலையில் நடப்பவரின் தலை அதில் மோதினால் அவர் பிழைப்பதற்கு அது ஒரு வழி. கனமான தகடே பாதுகாப்பு என்றால், 2014இல் உற்பத்தி நின்றுபோன அம்பாசிடரை அல்லவா நாம் உலகின் தலைசிறந்த கார் என்று கொண்டாட வேண்டும்?

'நம் நாட்டுக் கார்', 'ஜப்பான் கார்', 'ஜெர்மன் கார்' என்று குருதி பார்த்துத் தரம் சொல்லும் பழக்கத்துக்கு வருவோம். 2014 ஜனவரியில் குளோபல் என்கேப் அமைப்பு இந்தியாவில் விற்கப்பட்ட 5 கார்களை மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதவிட்டுச் சோதித்தது. ஆல்டோ 800, நானோ, ஐ10, ஃபிகோ, போலோ. ஏர்பேக் இல்லாத அடிப்படை வடிவங்களான அந்த ஐந்தும் வாங்கியது சுழியம். ஜப்பான், இந்தியா, கொரியா, அமெரிக்கா, ஜெர்மனி ஆகிய ஐந்து குருதிகளுக்கும் ஒரே மதிப்பெண்! போலோவின் உடற்கூடு மோதலில் நிலைகுலையவில்லை; ஆனாலும் ஓட்டுநரின் தலையைக் காக்க ஏர்பேக் இல்லை. இரண்டு ஏர்பேக்குகள் பொருத்திய அதே போலோ 4 நட்சத்திரம் பெற்றது. அப்படியானால் சுழியத்துக்கும் நான்குக்கும் இடையிலிருந்தது ஜெர்மானியப் பொறியியலா, விலைப்பட்டியலா?

நானோவில் சுழியம் வாங்கிய டாட்டாவே 2018 டிசம்பரில் நெக்ஸானுக்கு 5 நட்சத்திரம் பெற்றது. ஆல்டோவில் சுழியம் வாங்கிய மாருதியே 2024இல் புதிய டிசையருக்கு 5 நட்சத்திரம் பெற்றது. இடைப்பட்ட ஆண்டுகளில் நிறுவனங்களின் குருதி மாறவில்லை. சோதனை முடிவுகள் ஊரறிய வெளியாயின. 2019இல் ஓட்டுநருக்கான ஏர்பேக் கட்டாயமானது. அடுத்துப் பக்கத்து இருக்கைக்கும் அது கட்டாயமானது. 2023 அக்டோபரில் பாரத் என்கேப் நடைமுறைக்கு வந்தது. தரம் சட்டத்தாலும் சந்தையின் அழுத்தத்தாலும் ஈட்டப்பட்டது. நட்சத்திரங்களைப் பேசுபொருளாக்கியதில் ஆர்வலர்களுக்கும் பங்குண்டு. அதை மறுப்பது நியாயமாகாது. ஆனால் வென்ற அழுத்தத்தைத் தொடராமல், வென்ற நிறுவனத்துக்குக் கொடி பிடிக்கப் போய்விட்டார்கள் என்பதே என் குற்றச்சாட்டு.

வெளிநாட்டு வழிபாட்டுக்கும் ஒரு சொல். ஃபோக்ஸ்வாகன் தன் டீசல் கார்களில் மென்பொருள் வைத்துப் புகைச் சோதனையை ஏமாற்றியது 2015இல் அம்பலமானது. டொயோட்டா குழுமத்தின் டைஹாட்சு, பாதுகாப்புச் சோதனைகளில் பல ஆண்டுகளாக முறைகேடு செய்ததை 2023இல் ஒப்புக்கொண்டது. இரண்டையும் வெளிக்கொணர்ந்தவை ஆய்வும் விசாரணையுமே. ரசிகர்களின் நம்பிக்கை அன்று.

நம்பகத்தன்மை பற்றிய பேச்சு இன்னும் மோசம். 'என் மாமாவின் கார் இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடியது' என்பது ஒரு காரின் கதை, தரவு ஆகாது. பிரிட்டனில் ஆண்டுதோறும் நடக்கும் கட்டாய வாகனச் சோதனையின் முடிவுகளை அரசே வெளியிடுகிறது. ஜெர்மனியில் எந்த மாடல் எத்தனை ஆண்டுகளில் எந்தக் குறையோடு வருகிறது என்பதைச் சோதனை அமைப்புகள் அறிக்கையாகத் தருகின்றன. நம் சாலை விபத்து ஆண்டறிக்கை இருசக்கர வாகனம், கார், லாரி என்று வகை பிரிப்பதோடு நின்றுவிடுகிறது. மாடல் வாரியாக ஒரு வரிகூட இல்லை. அந்த வெற்றிடத்தில்தான் மாமாக்களின் கார்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன.

இதனால் யாருக்கு இழப்பு? 2021 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள விதிகளின்படி, 7 ஆண்டுகளுக்கு உட்பட்ட வாகனங்களில் ஒரே குறை குறித்துக் குறிப்பிட்ட எண்ணிக்கையில் உரிமையாளர்கள் அரசின் இணையதளத்தில் புகார் அளித்தால், அவற்றைத் திரும்பப் பெறுமாறு நிறுவனத்துக்கு அரசு ஆணையிடலாம்; 10 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். அதாவது புகார்களின் எண்ணிக்கைக்கே சட்டத்தில் வலிமை உண்டு. நம் ரசிகர் கூட்டங்களில் நடப்பது என்ன? கியர்பாக்ஸ் பழுதாகிறது என்று ஒருவர் எழுதினால், 'உனக்கு ஓட்டத் தெரியவில்லை', 'போட்டி நிறுவனத்தின் கைக்கூலி' என்று நூறு பேர் பாய்கிறார்கள். அவர் வாயடைத்துப் போகிறார். எண்ணிக்கையில் ஒன்று குறைகிறது. நிறுவனம் சம்பளம் கொடுத்தும் பெறமுடியாத சேவையை நாம் இலவசமாகச் செய்கிறோம்.

கடைசியாக, காருக்கு வெளியேயும் உயிர்கள் உண்டு. 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்தோர் 1,68,491 பேர். அவர்களில் இருசக்கர வாகனங்களில் சென்றோர் 74,897 பேர். நடந்து சென்றோர் 32,825 பேர். சீட் பெல்ட் அணியாமல் இறந்தோர் 16,715 பேர்; இவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் ஓட்டுநர் அல்லாத பயணிகள். அதே ஆண்டு செப்டம்பரில் சைரஸ் மிஸ்திரி இறந்தது ஒரு மெர்சிடிஸ் காரின் பின்னிருக்கையில், சீட் பெல்ட் அணியாத நிலையில். எந்த முத்திரையும் அந்தப் பட்டைக்கு ஈடாகவில்லை.

எனவே கார்களை நேசிப்போரிடம் கேட்கிறேன். நேசியுங்கள், ஆனால் நிறுவனத்துக்கு வழக்கறிஞராகாதீர்கள். விபத்துத் தரவை மாடல் வாரியாக வெளியிடுமாறு அரசைக் கேளுங்கள். விலை குறைந்த வடிவத்துக்கும் விலை உயர்ந்த வடிவத்துக்கும் ஒரே பாதுகாப்பு வேண்டும் என்று கேளுங்கள். பழுதானால் குழுவில் புலம்புவதோடு நில்லாமல், அரசுத் தளத்தில் புகாரைப் பதிவு செய்யுங்கள். பக்கத்து வீட்டுக்காரரின் கார் பழுதானால் சிரிக்காமல் அவரையும் பதிவு செய்யச் சொல்லுங்கள். நாளை அதே பழுதோடு நெடுஞ்சாலையில் நிற்கப்போவது உங்கள் காராகவும் இருக்கலாம்.