உறங்கு என்றால் உடல் உறங்குமா?

மும்பையின் செம்பூரிலும் மாட்டுங்காவிலும் விமானப் பணியாளர்களைப் பற்றிப் பேச்சு வந்தால் நம்மவர்கள் சொல்வது இதுதான்: "வெளிநாட்டில் ஹோட்டல் வாசம், ஊர் சுற்றல், சம்பளம் வேறு. இன்னும் எதற்கு ஓய்வு?" இந்தப் பேச்சும், இதையொட்டி வரும் நான்கு வாதங்களும் நிற்காது.

ஒன்று, 'லேஓவர் (திரும்பும் விமானம் வரை வெளியூரில் தங்குவது) என்பது ஓசிச் சுற்றுலா'. குளிர்காலத்தில் மும்பைக்கும் நியூயார்க்குக்கும் பத்தரை மணி நேர வித்தியாசம். அங்கே பட்டப்பகல், இவர்கள் உடம்புக்கோ நள்ளிரவு. உடலின் கடிகாரம் ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம்தான் நகரும். அது பழகுவதற்குள் திரும்பும் விமானம் புறப்பட்டுவிடும்.

இரண்டு, 'வீட்டுக்கு வந்து தூங்கட்டுமே'. எங்கள் செம்பூர்க் கட்டடத்தில் விமானத்தில் வேலை பார்க்கும் ஒரு பெண் காலை எட்டு மணிக்குப் பெட்டியை உருட்டிக்கொண்டு வருவாள். ஜன்னலில் கறுப்புத் திரை. பத்து மணிக்குக் கூரியர்காரர் மணி அடிப்பார். பிறகு மேல்வீட்டில் டைல்ஸ் அறுக்கும் சத்தம். மாலையில் அதே சிவந்த கண்களோடு கீழே இறங்கி வருவாள். ரோஸ்டரில் அதற்குப் பெயர் ஓய்வு.

மூன்று, 'கொஞ்சம் தூக்கக் கலக்கத்தால் என்ன வந்துவிடும்'. 2010 மே 22 அதிகாலை, துபாயிலிருந்து மங்களூர் வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் ஓடுதளத்தைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்தது. 158 பேர் மாண்டார்கள். வழியில் கேப்டன் நெடுநேரம் உறங்கியதையும், விழித்த பிறகும் நீங்காத மந்தநிலை அவருடைய முடிவுகளைப் பாதித்திருக்கக்கூடும் என்பதையும் விசாரணை அறிக்கை பதிவு செய்தது.

நான்கு, '2025 டிசம்பரில் இண்டிகோ விமானங்கள் ரத்தானதற்குப் புதிய ஓய்வு விதியே காரணம்'. விமானிகளின் வார ஓய்வை 36 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரமாக உயர்த்தி, இரவுத் தரையிறக்கங்களுக்கு வரம்பு கட்டிய அந்த விதியை விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏ வெளியிட்டது 2024 ஜனவரியில். முழுமையாக நடைமுறைக்கு வந்தது 2025 நவம்பரில். இடையில் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள். திட்டமிடலில் கோட்டை விட்டதை இண்டிகோ நிறுவனமே ஒப்புக்கொண்டது. பிறகு விதியின் மேல் ஏன் பழி?

ஓய்வை மணிக்கணக்கில் மட்டும் அளந்தால் போதாது. அது உடலின் இரவில் கிடைக்க வேண்டும். அந்த உறக்கத்தை நம்பித்தான் நாமும் நம் பிள்ளைகளும் விமானம் ஏறுகிறோம். உங்கள் கட்டடத்தில் இரவு டூட்டி முடித்து வந்தவர் இருந்தால், பகலில் அந்தக் கதவின் மணியை அடிக்காதீர்கள்.