மழை நாளில் மென்பொருளை மாற்றலாமா?

‘புதிய பதிப்பு தயார். இப்போதே நிறுவலாமா?’ என்று உங்கள் கைப்பேசி கேட்கிறது. நாளைக்குத் தேர்வு. பாடக் குறிப்புகள் எல்லாம் அந்தக் கைப்பேசியில்தான் இருக்கின்றன. நீங்கள் ‘பிறகு’ என்பதைத் தட்டுவீர்கள். அதைச் சோம்பல் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

வானிலைத் துணைக்கோளங்கள் அனுப்பும் தரவைக் கையாளும் அறிவியலாளர்களும் இதே கேள்வியைச் சந்திக்கிறார்கள். வானிலை மோசமாக இருக்கும் நாளில் அவர்கள் மென்பொருள் புதுப்பிப்பைத் தள்ளி வைப்பது சரி என்பது என் கருத்து. ஆனால், எந்த நாளுக்கு என்று சொல்லாமல் தள்ளி வைப்பது தவறு. இரண்டையும் விளக்குகிறேன்.

முதலில், இது நமக்கு எதற்கு என்று பார்ப்போம். புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா வட்டாரத் தோட்டங்களில் உங்கள் வீட்டுப் பெரியவர்கள் வேலை செய்யலாம். விடியற்காலைப் பெரட்டுக்குப் போகிறவருக்கு அன்று இடியுடன் மழை வருமா என்பது சின்ன விஷயமன்று. செம்பனைக் குலை வெட்டுகிறவர் கையில் நீண்ட அலுமினியக் கழி இருக்கிறது. மின்னலுக்கு அதைவிட நல்ல பாதை வேண்டுமா? கனமழைக்கு முதல் நாள் போட்ட உரமோ வாய்க்காலோடு போய்விடும்.

அந்த மழையை முன்கூட்டிச் சொல்ல உதவும் கண்களில் ஒன்று ஜப்பானின் ஹிமவாரி துணைக்கோளம். பூமத்திய ரேகைக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நின்று, 10 நிமிடத்துக்கு ஒருமுறை 16 அலைவரிசைகளில் நம் பகுதியைப் படமெடுக்கிறது. ரேடாரும் மழைமானிகளும் ஆற்று நீர்மட்டக் கருவிகளும் நம்மிடம் உண்டு. என்றாலும் மழைமானி வைக்க முடியாத கடலின் மேல் கூடும் மேகத்தைக் காட்டுவதில் துணைக்கோளத்தின் பங்கு பெரிது.

ஆனால் துணைக்கோளம் மழையைப் பார்ப்பதில்லை. மேகத்தின் உச்சியிலிருந்து வரும் வெப்பக் கதிரை அளந்து எண்களாக அனுப்புகிறது. அந்த எண்களை வெப்பநிலையாகவும், வெப்பநிலையை மழை அளவாகவும் மாற்றும் விதிகளின் தொகுப்பைத்தான் அல்காரிதம் என்கிறோம். 1980களில் வெப்பமண்டலத்துக்காக உருவான ஓர் எளிய விதியைப் பாருங்கள்: மேக உச்சி 235 கெல்வினைவிட, அதாவது மைனஸ் 38 பாகை செல்சியசைவிடக் குளிர்ந்திருந்தால், அங்கே மணிக்கு 3 மில்லிமீட்டர் மழை எனக் கணக்கிடு. இன்றைய விதிகள் இதைவிடச் சிக்கலானவை, அடிப்படை இதுதான்.

இப்போது ஒரு கணக்குப் போடுங்கள். புதுப்பிப்பில் நேர்ந்த ஒரு சிறு பிழையால் எல்லா வெப்பநிலையும் 1 பாகை கூடுதலாகப் பதிவாகிறது என்று வைத்துக்கொள்வோம். 234.5 கெல்வின் இருந்த மேகம் 235.5 ஆகிவிடும். மேகம் மாறவில்லை, மழையும் மாறவில்லை. ஆனால் கணினித் திரையில் அந்த மழை காணாமல் போய்விடும். வெயில் நாளில் இப்படி நடந்தால் பிழையைக் கண்டுபிடித்துத் திருத்திக்கொள்ளலாம். 2021 டிசம்பர் 18 போன்ற நாளில் நடந்தால்? ஒரு மாதத்தில் பெய்ய வேண்டிய மழை ஒரே நாளில் சிலாங்கூரில் கொட்டிய நேரம் அது. அந்த வெள்ளத்தில் நாடு முழுவதும் 50க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள்.

அதனால்தான் அமெரிக்கத் தேசிய வானிலைச் சேவை, பெரும்புயல் போன்றவை நெருங்கும் நாள்களை ‘நெருக்கடி வானிலை நாள்’ என்று அறிவிக்கிறது. அந்த நாள்களில் அவசரமல்லாத மென்பொருள் மாற்றங்கள் தள்ளி வைக்கப்படுகின்றன. நம் புக்கிட் மெலாவத்தி குன்றில் இருக்கும் கலங்கரை விளக்கத்தை நினைத்துக்கொள்ளுங்கள். புதிய விளக்கு எவ்வளவு பிரகாசமானதாக இருந்தாலும், புயலடிக்கும் இரவில் பழையதைக் கழற்றுவார்களா?

அப்படியானால் பழைய விளக்கே எப்போதும் போதும் என்று இருந்துவிடலாமா? கூடாது. 2018 மார்ச்சில் ஏவப்பட்ட கோஸ்-17 என்ற அமெரிக்கத் துணைக்கோளத்தில் குளிரூட்டும் அமைப்பு சரியாக இயங்கவில்லை. ஆண்டின் சில பருவங்களில் இரவு நேரத்தில் கருவி சூடேறி, படங்கள் கெட்டுப்போயின. அங்கே ஆளனுப்பிப் பழுதுபார்க்க வழியில்லை. 2019இல் தரையில் இருக்கும் மென்பொருளை மாற்றினார்கள். கருவி எப்படிச் சூடேறும் என்று முன்கூட்டிக் கணித்து அளவீட்டைத் திருத்தும் விதி அது. இழந்ததில் ஒரு பகுதியை அது மீட்டுக் கொடுத்தது. இத்தகைய திருத்தத்தை ‘பிறகு, பிறகு’ என்று தள்ளிக்கொண்டே போனால், தவறான படத்தை நம்பும் நாள்கள்தான் கூடும்.

சரி, மாற்றுவதற்கு நல்ல நாள் எது? இங்கேதான் நாம் கவனமாகக் கேட்கவேண்டிய கேள்வி இருக்கிறது: யாருடைய வானத்துக்கு நல்ல நாள்?

2022 டிசம்பர் 13ஆம் தேதி ஹிமவாரி-8இடமிருந்து ஹிமவாரி-9 பணியை ஏற்றது. ஜப்பானுக்கு டிசம்பர், சூறாவளிக் காலத்தின் உச்சம் கடந்த மாதம். நமக்கோ வடகிழக்குப் பருவமழை மாதம். அந்த மாற்றம் நடந்த மூன்றாம் நாள் அதிகாலை, வட சிலாங்கூரில் பத்தாங் காலி நிலச்சரிவு 31 உயிர்களைப் பறித்தது. துணைக்கோள மாற்றத்தால் அது நேரவில்லை. ஆனால் டிசம்பர் நமக்கு எப்படிப்பட்ட மாதம் என்பதை மறக்கவே முடியாதபடி சொல்லிவிட்டுப் போனது.

அந்த மாற்றத்தில் நாம் கற்கவேண்டிய நல்ல பாடமும் உண்டு. ஹிமவாரி-9 விண்ணுக்குப் போனது 2016இல். ஆறு ஆண்டுகள் மாற்று ஆளாகக் காத்திருந்த பிறகே பொறுப்பேற்றது. பழைய ஹிமவாரி-8ஐயும் தூக்கி எறியவில்லை. அது மாற்று ஆளாக நிறுத்தப்பட்டது. மென்பொருளுக்கும் இதுவே சரியான முறை. பழைய விதியையும் புதிய விதியையும் ஒரே தரவில் சில வாரங்கள் பக்கம் பக்கமாக ஓடவிட வேண்டும். புதியது தடுமாறினால் உடனே பழையதற்குத் திரும்பும் வழி இருக்க வேண்டும்.

நேரமும் முக்கியம். ஹிமவாரி தன் பராமரிப்புக்காக ஒரு நாளில் இரண்டு முறை முழுப் படம் எடுப்பதை நிறுத்துகிறது. நம் நேரப்படி அது காலை 10.40, இரவு 10.40. நம் கடற்கரையைத் தாக்கும் சுமத்ரா சூறைக்காற்று பெரும்பாலும் விடியலுக்கு முன்னும் காலையிலும் வரும். பருவமாற்றக் காலத்து இடிமழை பிற்பகலில் கூடும். இரண்டுக்கும் இடைப்பட்ட முற்பகல் நமக்குப் பல நாள்களில் அமைதியான நேரம். எங்கோ ஓர் அலுவலகத்தின் வேலை நேரத்தைப் பார்த்து மென்பொருள் மாற்றத்துக்கு நேரம் குறித்தால், அது நம் பிற்பகல் இடிமழை நேரமாக அமைந்துவிடலாம். தரவைப் பயன்படுத்தும் எல்லா நாட்டு வானத்தையும் பார்த்து நேரம் குறிப்பதே நியாயம்.

ஆகவே, ஒரு புதுப்பிப்பைத் தள்ளி வைக்கும்போது மூன்றைச் சொல்லிவிட வேண்டும்: ஏன் தள்ளினோம், அடுத்த நாள் எது, அதுவரை எந்தத் தரவை எச்சரிக்கையாகப் பார்க்க வேண்டும். இவை இல்லாத தள்ளிவைப்பை நான் ஏற்கமாட்டேன்.

உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. பள்ளி அறிவியல் கழகத்தில் ஒரு மழைமானியை வைத்து, தினமும் ஒரே நேரத்தில் அளவைக் குறித்து வையுங்கள். துணைக்கோளக் கணிப்போடு ஒப்பிடுங்கள். புதிய விதி பழையதைவிட நல்லதா என்பதைக் கடைசியில் சொல்வது தரையில் விழுந்த மழைதான். அந்த மழையை அளந்து எழுதிய நோட்டுப் புத்தகம் பெஸ்தாரி ஜெயாவில் ஒரு படிவம் மூன்று மாணவியின் கையிலும் இருக்கலாம்.